சுவரில்லாத கீழ்த்தளம்

அக்காள் மகன் தான் செய்த முப்பரிமாண விளையாட்டைக் காட்டினான். கோட்டை, பனிமலை, தீப்பந்தம் எல்லாம் ஜொலிக்கின்றன. "இதில் நீ கட்டியது எது?" என்றேன். "வாசற்கதவைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன், மாமா."

அவனைக் குறை சொல்லமாட்டேன். அவன் போகும் வாரயிறுதி வகுப்பில் முதல் நாளே விளையாட்டு உருவாக்கும் பெரிய மென்பொருளான எஞ்சினைத் திறந்து, ஆயத்தப் பொருள்களை இறக்கிப் பரப்பச் சொல்லியிருக்கிறார்கள். அது வாடகை வீட்டில் நாற்காலி போடுகிற வேலை.

லெவல், அதாவது விளையாட்டின் களம், கட்டப் பழகுகிறவன் முதலில் பிரஷ் எடிட்டரில் கைவைக்க வேண்டும் என்பது என் கட்சி. டிரெஞ்ச்புரூம் என்ற எடிட்டர் போதும், இலவசம். 1996இல் வந்த குவேக் என்ற சுடும் விளையாட்டுக்கு இன்றும் அதில் மேப், அதாவது லெவல், கட்டுகிறார்கள். கிடைப்பதெல்லாம் பிரஷ் எனப்படும் வெறும் கட்டிகள். ஆளின் உயரம் 56 அலகு. படி 18 அலகைத் தாண்டினால் நடந்து ஏறமாட்டான்.

நான் முதலில் கட்டியது சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சுவரில்லாத கீழ்த்தளம். தூண்கள், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை, தபால்பெட்டி வரிசை. விளையாடும் வடிவுக்கு மாற்றக் கம்பைல் செய்தால் 'ஒழுகுகிறது' என்று பிழை. குவேக் உலகத்தை எல்லாப் பக்கமும் அடைத்திருக்க வேண்டும். சந்து விட்டால், எங்கிருந்து எது தெரியும் என்ற கணக்கே நடக்காது. ஓட்டையைக் காட்ட ஒரு கோடு போட்டுத் தரும். அந்தக் கோடு தபால்பெட்டியருகே புறப்பட்டு, இரு தூண்களுக்கு நடுவே நேராகச் சூனியத்துக்குள் போயிற்று. போகாமல்? காற்றும் கல்யாணமும் துக்கமும் வந்துபோகிற இடத்துக்கு ஏது சுவர்! கடைசியில் சுற்றிலும் வானம் பூசிய பிரஷ்களை நிறுத்தி மூடினேன். (மொத்த மேப்பையும் ஒரே பெரிய பெட்டிக்குள் போட்டு மூடுகிறவர்களும் உண்டு. சோம்பேறித்தனம், கம்பைல் இழுத்துக்கொண்டே போகும்.)

1998இல் அன்ரியல் என்ற விளையாட்டோடு வந்த எடிட்டர் இதற்கு நேர்மாறு. அங்கே உலகமே கெட்டிப் பாறை, அறையைக் குடைந்தெடுக்க வேண்டும். குவேக் கட்டுமானக் கோயில் என்றால் அது மாமல்லபுரத்துக் குடைவரை.

வேலைக்குப் பெரிய எஞ்சின்தானே கேட்கிறார்கள் என்பீர்கள். கேட்கட்டும். அங்கேயும் முதலில் சாம்பல்நிறக் கட்டிகளை அடுக்கித்தான் ஓடிப் பார்க்கிறார்கள். யூனிட்டி என்ற எஞ்சின் நிறுவனம் 2018இல் புரோபில்டர் என்ற கட்டுமானக் கருவியை வாங்கி இலவசமாகத் தந்தது அந்த வேலைக்குத்தான்.

மருமகனிடம் அவன் புளோக்கின் மாடிப்படியைக் கட்டச் சொன்னேன். நேற்றிரவு செய்தி வந்தது: "படி 20 அலகு வைத்துவிட்டேன், ஆள் முட்டிக்கொண்டு நிற்கிறான். மின்தூக்கி போட்டுவிடட்டுமா, மாமா?"