கால் எங்கே தம்பி?

(அயர்லாந்தின் லிமரிக் நகரம். ஐரிஷ் ஸ்டெப் டான்ஸ் வகுப்பின் ஆண்டு விழா வீடியோ. எடிட்டிங் அறை.)

டீச்சர்: கால் எங்கே தம்பி?

வீடியோக்காரர்: முகத்தைப் பாருங்க டீச்சர், எவ்வளவு ஷார்ப்பா விழுந்திருக்கு!

டீச்சர்: விழுந்திருக்கு. கால் எங்கே?

வீடியோக்காரர்: கை ரெண்டும் சும்மா தொங்கிட்டே இருந்துச்சு. சரி, முகத்தையாவது காட்டுவோம்னு...

டீச்சர்: கை உடம்போட ஒட்டித்தான் இருக்கணும். கை ஆடினா போட்டியில நடுவர் மார்க்கைக் குறைப்பார். இந்த ஆட்டத்துல இடுப்புக்கு மேல ஒண்ணுமே நடக்காது. நீ எடுத்தது பூரா இடுப்புக்கு மேல.

வீடியோக்காரர்: முட்டி வரைக்கும் ரெண்டு ஷாட் இருக்கே!

டீச்சர்: முட்டிக்குக் கீழதான் ஆட்டமே. சரி, இந்த ‘ரீல்’ங்கிற ஆட்டம் ஏன் பாதியிலேயே நிக்குது?

வீடியோக்காரர்: எட்டு பார், அதாவது எட்டு தாளச் சுற்று, ஆடினாங்க. மறுபடியும் அதையேதான் ஆடினாங்க. ரிப்பீட்டுன்னு வெட்டிட்டேன்.

டீச்சர்: முதல் எட்டு பார் வலது கால். அடுத்த எட்டு பார் அதே ஸ்டெப், இடது கால். ரெண்டும் ஒண்ணுபோல வருதான்னு பார்க்கத்தானே திரும்ப ஆடுறது! பிள்ளைங்களுக்கு இடது கால்லதான் சொதப்பும். மாசக்கணக்கா அதுக்குத்தான் பயிற்சி. அதைப் போய் வெட்டியிருக்கே.

வீடியோக்காரர்: எது வலது, எது இடதுன்னு எனக்குத் தெரியலையே டீச்சர்.

டீச்சர்: எடுத்திருந்தாத்தானே தெரியும்.

வீடியோக்காரர்: கோவப்படாதீங்க. அடுத்த ஐட்டத்துல சவுண்டைக் கேளுங்க.

(டக்கு டக்கு டக்கு டக்கு.)

டீச்சர்: இது ஸ்லிப் ஜிக் ஆட்டம் ஆச்சே?

வீடியோக்காரர்: மைக்ல ஒரு சத்தமும் பதிவாகல. நானே தேடிப் பிடிச்சு ஷூ சத்தம் சேர்த்தேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து!

டீச்சர்: அது சாஃப்ட் ஷூ தம்பி. மெல்லிசுத் தோல், மேல லேஸ், அவ்வளவுதான். குதிச்சு இறங்கும்போது பொத்துனு கேட்டாலே தப்பு. அதுவும் 9/8 தாளம், மூணு மூணா மூணு தடவை. நீ நாலு நாலா தட்டி வெச்சிருக்கே. பூனைக்கு லாடம் அடிச்ச மாதிரி இருக்கு.

வீடியோக்காரர்: ஓ...

டீச்சர்: ட்ரெபிள் ஜிக்னு இன்னொரு ஆட்டம், அதுக்குத்தான் ஹார்ட் ஷூ. முனையிலயும் குதியிலயும் ஃபைபர்கிளாஸ். அங்க ஏன் சத்தமே காணோம்?

வீடியோக்காரர்: ஒரே இரைச்சலா இருந்துச்சு. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு சுத்தமா எடுத்துட்டேன்.

டீச்சர்: (நெடுநேரம் பேசவில்லை.) மிச்சம் மீதி கேக்குற சத்தமும் கால் விழுந்ததுக்கு அப்புறம் வருது. மைக்கை எங்க வெச்சே?

வீடியோக்காரர்: கேமரா மேலதான். ஹால் கடைசியில, ஒரு 34 மீட்டர் இருக்கும்.

டீச்சர்: அவ்வளவு தூரம் ஒலி வந்து சேர நொடியில பத்துல ஒரு பங்கு ஆகும். அதுக்குள்ள அடுத்த தட்டே விழுந்துடும். மேடை ஓரத்துல தரையோட படுக்கிற மைக் ரெண்டு வெச்சிருந்தா முடிஞ்சது. கேமராவுல ஷட்டர் ஸ்பீட் எவ்வளவு?

வீடியோக்காரர்: 1/50 நொடி.

டீச்சர்: அதான் அந்த ஒரே ஒரு லாங் ஷாட்லயும் முட்டிக்குக் கீழ புகையா தெரியுது. நொடிக்கு 50 ஃப்ரேம், ஷட்டர் 1/200. லைட் மினுக்கினா 1/100.

வீடியோக்காரர்: பெரிய பெரிய ஷோவுலயே முகத்துக்குத்தான் கட் பண்றாங்க டீச்சர்.

டீச்சர்: 1994 ஏப்ரல் 30, டப்ளின் பாயின்ட் தியேட்டர், யூரோவிஷன் பாட்டுப் போட்டி இடைவேளை. ரிவர்டான்ஸ்னு நம்ம ஐரிஷ் ஆட்டம், ஏழு நிமிஷம். கடைசியில ஒரு வரிசையே முன்னால வந்து தட்டிச்சு, மொத்த அரங்கமும் எழுந்து நின்னுச்சு. மூக்கும் முழியும் அழகா இருக்குன்னா எழுந்தாங்க?

வீடியோக்காரர்: இருங்க இருங்க, ஒரு கால் ஷாட் கிடைச்சிருச்சு! முழுக் கால், பக்கா ஃபோகஸ்!

டீச்சர்: அது ஃபிடில் வாசிக்கிறவர் கால். உட்கார்ந்து தாளம் போடுறார்.

வீடியோக்காரர்: வலதா, இடதா டீச்சர்?