பொன்னாடை வேண்டாம், அட்வான்சைத் தாங்கோ

நாடகக்காரரை மேடையிலை ஏத்திப் பொன்னாடை போத்துறதை ஒரு ரெண்டு வருசத்துக்கு நிப்பாட்டிப் பாத்தா என்ன எண்டு கேக்கத்தான் இதை எழுதுறன். கோவத்திலை எழுதேல்லை. சரி, கொஞ்சம் கோவமும் இருக்கு, பொய் சொல்லக்கூடாது. மார்ச் 27 உலக நாடக தினம் வந்தா எல்லாரும் வாழ்த்துப் போடுவினம், என்ரை வேஷப் படத்தையும் போட்டு எங்கட மண்ணின்ரை சொத்து எண்டு எழுதுவினம், பிறகு அதே ஆக்கள் திருவிழாவுக்கு அரிச்சந்திரன் கதையிலை வாற சுடலைக் கட்டம், அதுதான் மயான காண்டம் நாடகம், வேணுமெண்டு போன் எடுக்கேக்கை "அண்ணை, உங்களுக்குப் பாத்துச் செய்வம்" எண்டுவினம். சவுண்ட்ஸ்காரருக்கு அட்வான்ஸ் போட்டாச்சு, பந்தல்காரருக்குப் போட்டாச்சு, லைற் சோடினைக்குப் போட்டாச்சு, இந்தியாவிலை இருந்து வாற நாதஸ்வரக்காரருக்கு பிளேன் ரிக்கெற்றும் எடுத்தாச்சு. எங்களுக்கு மட்டும் பாத்துச் செய்வினமாம். பாத்தாப் பிறகு செய்யிறது என்ன எண்டா ஒரு பொன்னாடை, ஒரு ஷீல்ட், ஒரு போட்டோ.

பொன்னாடையை வைச்சு என்ன செய்யிறது சொல்லுங்கோ? போத்துப் படுக்கவும் ஏலாது, குத்தும். ஒருக்கா ஒரு விழாவிலை எனக்குப் போட்ட பொன்னாடையை அடுத்த வருசம் அதே தலைவருக்கு நான் திருப்பிப் போட்டனான், மனிசன் நல்லா இருக்கு எண்டு தடவித் தடவிப் பாத்துக்கொண்டு நிண்டவர்.

தெரியாதாக்களுக்குச் சொல்லுறன், நான் விடிஞ்சா மேசன், பொழுதுபட்டா அரிச்சந்திரன். இந்த ஒரு கதையிலை நான் நடிக்காத பக்கம் இல்லை எண்டே சொல்லலாம். சின்னனிலை முதல் வேஷம் லோகிதாசன், அதாவது பாம்பு கடிச்சுச் செத்த பிள்ளை, வெள்ளைத் துணி மூடிக் கிடக்கோணும், நுளம்பு கடிச்சாலும் அசையக்கூடாது, எங்கட ஐயா பக்கப்பாட்டுக்கு நிண்டுகொண்டு என்னைத்தான் பாத்துக்கொண்டு நிப்பார். பிறகு குரல் உடைஞ்சு கொஞ்ச நாள் ஒண்டும் இல்லாமல் திரிஞ்சு, மெலிஞ்ச உடம்பு எண்டபடியாலை சந்திரமதிக்கு விட்டினம். அப்ப பொம்பிளையள் மேடைக்கு வாறது குறைவு, ஸ்திரீபாட் எல்லாம் ஆம்பிளையள்தான். அதே பிள்ளையை மடியிலை வைச்சு அழுதன். இப்ப சுடலை காக்கிற அரிச்சந்திரனா நிண்டு அதே சந்திரமதியிட்டைக் கால் பணமும் முழத்துண்டும் கேக்கிறன்.

எங்களுக்கெல்லாம் வழி இசை நாடகக்காரர் நடிகமணி வி. வி. வைரமுத்து. அவற்றை நாடக சபை காங்கேசன்துறை வசந்த கான சபா. மயான காண்டத்தை 3000 தரத்துக்கு மேலை போட்டவர் எண்டு சொல்லுவினம். நான் பாத்தது அவற்றை கடைசிக் காலம், ஐயாவின்ரை தோளிலை இருந்து. மைக் கிடக்கட்டும், அந்தக் குரலுக்கு மைக் வேணுமோ? விருத்தத்தை எடுத்தாரெண்டா கச்சான் விக்கிற ஆச்சியும் சுளகை வைச்சிட்டு நிமிந்து பாப்பா. 1989ல மனிசன் போயிட்டார். அடுத்த வருசமே காங்கேசன்துறைப் பக்கச் சனம் எல்லாம் சண்டையாலை ஊரை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது, நாடகம் பாத்த வீதியளும் சேந்து போச்சு.

எங்கட வீட்டுக்கு வந்த அடி 1995 ஒக்ரோபர் 30. சண்டைக்குப் பயந்து செம்மணியாலை நாவற்குழிக்கு வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்த ராத்திரி, மழை, காலை எடுத்து வைக்க இடமில்லை. ஐயா அரிசி மூட்டையை வீட்டிலை விட்டிட்டு ஆர்மோனியத்தைத் தலையிலை வைச்சுக்கொண்டு வந்தவர். அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிப் பேசினவ, பேசினது நியாயம்தான், நாங்கள் தென்மராட்சியிலை பள்ளிக்கூடத்துக்குள்ளை படுத்துப் பட்டினி கிடந்தனாங்கள். ஆனா அந்த ஆர்மோனியத்தை வைச்சுத்தான் அந்தப் பள்ளிக்கூட முத்தத்திலையே நாடகம் போட்டம், அம்மாவின்ரை சீலையைத்தான் சந்திரமதிக்குக் கட்டினது. அதையும் பேசிப்போட்டுத்தான் தந்தவ.

உச்சம் எண்டு எதைச் சொல்லுறது? யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்திலை சனம் எழும்பி நிண்டு கைதட்டின நாள் இருக்கு, படமும் இருக்கு. ஆனா நான் சொல்லுறது வேறை ஒண்டு. வலிகாமம் வடக்கிலை ஆமி பிடிச்சு வைச்சிருந்த காணியை விட்ட பிறகு ஒரு சின்னக் கோயில், சுவர் அரைவாசி, கூரை தகரம். சனம் மண்ணிலை குந்தி இருக்குது. எங்களுக்கு இப்ப சந்திரமதி ஒரு முன்பள்ளி ரீச்சர் பிள்ளை, நல்ல சாரீரம். நான் தடியை ஊண்டிக்கொண்டு சுடலைக்கூலி கேக்கிறன், அவ இல்லை எண்டு அழுறா, அப்ப முன்னுக்கு இருந்த ஒரு அம்மா எழும்பி வந்தா. மெதுவாத்தான் வந்தா. முந்தானை முடிச்சை அவிட்டு ஒரு இருவது ரூபாத்தாளைச் சந்திரமதியின்ரை கையிலை வைச்சு "இந்தா பிள்ளை, இதைக் குடுத்திட்டு எரிச்சு முடி" எண்டா.

ஆர்மோனியம் நிண்டு போச்சு. பின்னாலை ரெண்டு பெடியள் சிரிச்சவங்கள், பிறகு அவங்களும் அடங்கிட்டாங்கள். எனக்கு வாயிலை ஒண்டும் வரேல்லை, காசை வாங்கினா நாடகம் முடிஞ்சுது, தாலியைப் பாத்து மனிசியைக் கண்டுபிடிக்கிற கட்டமே இல்லாமல் போகும். அந்த ரீச்சர் பிள்ளை கெட்டிக்காரி, அப்பிடியே சந்திரமதியாவே நிண்டு, "தாயே, கடன்பட்டதாலைதான் நாங்கள் நாடிழந்து நிக்கிறம், இன்னொரு கடன் வாங்கி என்ரை பிள்ளையை எரிக்கமாட்டன்" எண்டு சொல்லிக் காசை அந்த அம்மாவின்ரை கையிலையே பொத்தி விட்டா. அவ திரும்பிப் போய் இருந்தாப் பிறகுதான் நான் அடுத்த விருத்தத்தை எடுத்தன். என்ரை வாழ்க்கையிலை நான் பாடின நல்ல விருத்தம் அதுதான், அதை ஒருத்தரும் றெக்கோட் பண்ணேல்லை. பிறகு ஊர்ச்சனம் சொல்லிச்சினம், அந்த அம்மாவுக்குப் பெடியன் ஒருத்தன் இருந்தவனாம், எரிக்கிறதுக்கு உடம்பு கிடைக்கேல்லையாம்.

கஷ்டத்தைப் பற்றி மெத்தச் சொல்ல விருப்பமில்லை, எல்லாருக்கும் இருக்கு. 2020ல ஊரடங்கு, திருவிழாக் காலம் முழுக்கப் பூட்டு. 2022ல பெற்றோல் இல்லை, உடுப்புப் பெட்டியைச் சைக்கிள்ளை கட்டி உழக்கினம். சீமெந்துத் தூசியும் விடிய விடியப் பாடுறதும் சேந்து தொண்டையிலை முடிச்சு விழுந்து டொக்டர் ஒரு மாசம் கதைக்கவே கூடாது எண்டிட்டார், மனிசி "கலியாணம் கட்டினதுக்கு இப்பதான் வீடு நிம்மதி" எண்டு சொல்லிச் சிரிச்சா, பிறகு பின்னுக்குப் போய் அழுததும் தெரியும். நாலு கட்டைச் சுருதியிலை பாடினனான் இப்ப ரெண்டரையிலை நிக்கிறன். மேளுக்கு வந்த ஒரு சம்பந்தம், தேப்பன் கூத்தாடுறவர் எண்டு குழம்பினது. அந்த வீட்டுக்காரர் போன திருவிழாவிலை முன் கதிரையிலை இருந்து எனக்குக் கைதட்டினவை.

இதிலை சாதிக் கதையும் இருக்கு, மூடி மறைச்சுப் பிரயோசனமில்லை. ஐயாவின்ரை காலத்திலை ராத்திரி ராசாவா வேஷம் கட்டினவன் விடிய அந்த ஊர்க் கிணத்திலை முகம் கழுவேலாது. 1968ல மாவிட்டபுரம் கோயிலுக்குள்ளை விடச்சொல்லிக் கேட்ட தாழ்த்தப்பட்ட சனத்துக்கு வாசலிலை என்ன நடந்தது எண்டு வயசு போனாக்களைக் கேளுங்கோ. இப்ப கிணறு திறந்தாச்சு, ஆனா காசு எண்டு கதைச்சா மட்டும் "உங்களுக்கு ஏன் அண்ணை காசு, கலைச்சேவை தானே" எண்டு ஒரு சிரிப்பு வரும் பாருங்கோ, அந்தச் சிரிப்பு பழைய சிரிப்புத்தான்.

இன்னொரு பகிடி. நான் நடிச்சு ஒழுங்காச் சம்பளம் வாங்கினது எதுக்குத் தெரியுமோ? நுளம்புக்கு. டெங்கு வீதி நாடகம். என்ஜிஓக்காரர் கையெழுத்து வாங்கி, போக்குவரத்துக் காசும் தந்து, மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலும் தந்தவை. அரிச்சந்திரனுக்கு இல்லாத மரியாதை நுளம்புக்கு இருக்கு. நான் நுளம்பாத்தான் வந்தனான், செட்டை எல்லாம் கட்டி.

எங்கட சனத்துக்குக் காசு குடுத்துப் பாக்கிற பழக்கம் இல்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. எங்கட பாட்டன்மார் இந்திய நாடகக் கொம்பனியள் வந்து கொட்டகை போட ரிக்கெற் எடுத்துப் பாத்த ஆக்கள். இப்பவும் முற்றவெளியிலை சினிமாப் பாட்டுக்காரர் வந்தா கதிரைக்கு ஒரு விலை, முன் கதிரைக்கு வேறை விலை. குழந்தை சண்முகலிங்கம் மாஸ்ரரின்ரை மண் சுமந்த மேனியர் 1985ல வந்தது, நாடகத்துக்குச் சனம் வராது எண்டு அப்ப ஆராவது சொன்னவையோ? சனம் வரும். கூப்பிடுறாக்கள்தான் எங்களைக் கணக்கிலை எடுக்கினமில்லை. பள்ளிக்கூடங்களிலை நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம், தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளையளைப் பழக்க என்னைக் கூப்பிடுவினம், நானும் போவன், அந்தப் பிள்ளையளிலை ரெண்டு மூண்டு பேருக்கு உண்மையா வரும், ஆனா "சேர், இதைச் செய்து சீவிக்கலாமோ" எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? கையிலை இருக்கிற சாந்துக் கரண்டியைக் காட்டுறதோ?

அதாலை இந்த முறை முதல் என்ரை பக்கத்தாலை இவ்வளவும். நாள் குறிக்கேக்கையே அரைவாசிக் காசு வரோணும், மிச்சம் வேஷம் கட்ட முதல். ஆர்மோனியம், மிருதங்கம் ரெண்டு பேருக்கும் தனித்தனியாக் குடுக்கோணும், என்ரை கையிலை தந்து பிரிக்கச் சொல்லக்கூடாது. சாப்பாடு நாடகத்துக்கு முதல், விடிஞ்சாப் பிறகு ஆறின சோறு வேண்டாம். தலைவர், செயலாளர், பிரதம விருந்தினர் எல்லாற்றை பேச்சும் முடிஞ்சு பன்ரெண்டு மணிக்கு மேடையைத் தந்து "ஒரு மணித்தியாலத்துக்குள்ளை முடியுங்கோ" எண்டா திரையை இறக்கிப்போட்டு வந்திடுவன், லோகிதாசனைப் பாதி வழியிலை உயிரோடை விட்டிட்டு வந்த ஆள் எண்ட பேர் வந்தாலும் பரவாயில்லை. பிறகு முக்கியமானது, எங்கட ரீச்சர் பிள்ளை போன முறை கோயில் வாகனசாலைக்குப் பின்னாலை சாக்கைப் பிடிச்சு மறைச்சுக்கொண்டு உடுப்பு மாத்தினவ, அவவுக்குக் கதவும் உள்பக்கத்தாலை கொழுக்கியும் இருக்கிற ஒரு அறை வேணும், அது இல்லாட்டிக் காசு தந்தாலும் நாங்கள் வரமாட்டம்.