‘ஒற்று’ வந்துவிட்டது, கூடவே ஒரு வெட்கக் கதையும்

என் மூன்றாவது நாவல் ‘ஒற்று’ அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. 232 பக்கம். அட்டையைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு ‘மகிழ்ச்சி, நன்றி’ என்று இரண்டு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் இந்தப் புத்தகத்துக்குப் பின்னால் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் காட்ட மனசு ஒப்பவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதை. மெய்ப்புத் திருத்தும் ஒரு பெண். முப்பது வருடமாக அடுத்தவர் எழுத்தில் பிழை பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். தமிழில் மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்குப் பாதி உயிர் ஒற்றில்தான் போகும். எங்கே மிகும், எங்கே மிகாது என்று. ‘வேலை கொடு’ என்றால் பிழைக்க வழி கேட்கிறான். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறான். ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது, ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது. ‘நடுகல்’ செத்துப்போன வீரனுக்கு நட்டது, ‘நடுக்கல்’ நடுவில் கிடக்கும் வெறும் கல். எல்லாம் ஒரே ஒரு புள்ளி வைத்த எழுத்து செய்கிற வேலை.

இவளிடம் ஒரு பெரிய மனிதரின் தன்வரலாறு திருத்தத்துக்கு வருகிறது. அதில் ஓரிடத்தில் ஒற்று தவறிப்போய், அவர் பக்கம் பக்கமாக மறைத்துவந்த உண்மை அந்த வாக்கியத்தில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. முப்பது வருடத்தில் முதல் முறையாக அவள் ஒரு பிழையைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிடுகிறாள். எந்த வாக்கியம் என்று இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் புத்தகம் வாங்க மாட்டீர்கள்.

ஒற்று என்றால் வேவு என்றும் பொருள் உண்டு. ஒற்றன் என்கிறோமே, அது. அடுத்தவர் வாழ்க்கையை வரிவரியாகப் படித்துச் சம்பாதிக்கிறவளின் கதைக்கு இதைவிட நல்ல தலைப்பு வேறு ஏது? தலைப்பு பிடிபட்ட அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதற்கப்புறம் மெச்சிக்கொள்ளும்படி ரொம்ப நாளைக்கு எதுவும் நடக்கவில்லை.

சரி, முட்டாள்தனத்துக்கு வருகிறேன். நாவலைத் தொடங்கும்போது ஒரு விரதம் எடுத்தேன்: எழுதி முடிக்கிறவரை கதை, நாவல் எதுவும் படிப்பதில்லை. எழுதுகிற பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படித்தால் அடுத்தவர் நடை ஒட்டிக்கொள்ளுமாம், நம் குரல் கெட்டுப்போகுமாம். கேட்கும்போது பெரிய தவம்போல் இருந்தது. இரண்டு வருடம் கடைப்பிடித்தேன். கட்டுரைகள் படித்தேன், இலக்கண நூல்கள் படித்தேன், பழைய அகராதிகளைப் புரட்டினேன். யாராவது புது நாவல் பரிசாகக் கொடுத்தால் பெயர் கண்ணில் படாமல் முதுகை உள்பக்கம் திருப்பி அலமாரியில் வைத்தேன். அவ்வளவு கற்பு.

இரண்டாம் வரைவு முடிந்தபோது 410 பக்கம். என்னைவிட நிறையப் படிக்கும் தோழி ஒருத்தியிடம் கொடுத்தேன். பத்து நாள் கழித்து போன் செய்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. நீ சரமாகோ படிச்சிருக்கியா?”

“ஒண்ணு ரெண்டு.”

“லிஸ்பன் முற்றுகை?”

அது மட்டும் இல்லை.

ஜோசே சரமாகோ 1989இல் எழுதிய ‘லிஸ்பன் முற்றுகையின் வரலாறு’ நாவலின் நாயகன் ரைமுந்தோ சில்வா ஒரு மெய்ப்புத் திருத்துநர். 1147இல் நடந்த முற்றுகை பற்றிய வரலாற்று நூலைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, லிஸ்பனைப் பிடிக்கச் சிலுவைப் போர் வீரர்கள் போர்ச்சுகல் மன்னனுக்கு உதவினார்கள் என்று வருகிற இடத்தில் வேண்டுமென்றே ஒரு ‘இல்லை’யைச் செருகிவிடுகிறார். உதவவில்லை என்று ஆகிவிடுகிறது. விஷயம் வெளியே வந்ததும் பதிப்பகம் திருத்துநர்களை மேற்பார்க்க மரியா சாரா என்பவரை நியமிக்கிறது. அவரோ, அந்த ‘இல்லை’யை வைத்தே ஒரு மாற்று வரலாறு எழுதிப் பாருங்களேன் என்கிறார். இருவருக்கும் இடையில் காதலும் வளர்கிறது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மெய்ப்புத் திருத்துநர், தெரிந்தே செய்கிற ஒரு சின்னக் காரியம், அதனால் புரண்டுபோகிற ஒரு வரலாறு. 1998இல் நோபல் பரிசு வாங்கிய மனிதர் எனக்கு முப்பது வருடத்துக்கும் மேல் முன்னாலேயே இதை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். யார் சாயலும் வந்துவிடக் கூடாது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் நடந்தவள், நேராகப் போய் அவர்மேலேயே முட்டியிருக்கிறேன். கண்ணைத் திறந்துவைத்திருந்தால் ஒதுங்கியாவது நடந்திருக்கலாம்.

மூன்று நாள் கணினியைத் திறக்கவில்லை. கைப்பிரதியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். நான்காம் நாள் அந்த நாவலை எடுத்து உட்கார்ந்தேன். சரமாகோவின் வாக்கியம் முடிவே இல்லாமல் ஓடும். பேச்சுக்கு மேற்கோள்குறி கிடையாது, காற்புள்ளியைத் தாண்டினால் அடுத்தவர் பேச ஆரம்பித்திருப்பார். முதல் ஐம்பது பக்கம் பொறாமையோடு படித்தேன். நூறைத் தாண்டியபோது பயம் தெளிந்தது. அவருடைய ஆள் ஒரு சொல்லைச் சேர்க்கிறார். என்னுடையவள் எதையும் சேர்ப்பதில்லை, இருக்கிற பிழையைத் தொடாமல் விடுகிறாள். சில்வா செய்வது கலகம். இவள் செய்வது ஒரு நாள் வேலைநிறுத்தம்.

இந்த வித்தியாசம் அவரைப் படித்தபிறகுதான் எனக்கே தெரிந்தது என்பதுதான் வேடிக்கை. வரைவில் இவளைப் பெரிய போராளியாக்கி வைத்திருந்தேன். முதல் பிழையை விட்டபிறகு துணிச்சல் வந்து இன்னும் மூன்று இடத்தில் கைவைக்கிறாள், ஓரிடத்தில் ஒரு வரியையே மாற்றுகிறாள். அதாவது, படிக்காத புத்தகத்தைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மூன்றையும் வெட்டினேன். ஒரே ஒரு பிழை போதும். முப்பது வருடம் களைத்துப்போன ஒருத்தி அதைத்தான் செய்வாள்.

அதனால் குரல் கெட்டுப்போகும் என்ற வாதத்தை இனி யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வர்ஜீனியா வுல்ஃப் 1922இல் ப்ரூஸ்ட்டைப் படித்துவிட்டு, இப்படி எழுத முடிந்தால் எப்படி இருக்கும் என்று நண்பர் ரோஜர் ஃப்ரைக்குக் கடிதத்தில் புலம்பினார். படிப்பதை நிறுத்திவிடவில்லை. மூன்று வருடத்தில் ‘மிஸஸ் டாலோவே’ வந்தது. அதில் ப்ரூஸ்ட்டின் குரலா கேட்கிறது? மார்க்கேஸ் எழுத்து ஓடாமல் நின்றுபோயிருந்த காலத்தில் நண்பர் ஒருவர் கொடுத்த ‘பெத்ரோ பாராமோ’வை ஒரே இரவில் இரண்டு முறை படித்ததாகச் சொல்லியிருக்கிறார். ருல்ஃபோவின் அந்தச் சின்ன நாவலை மனப்பாடமாகச் சொல்கிற அளவுக்குப் படித்தவர்தான் 1967இல் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ எழுதினார். ஒட்டிக்கொள்ளும் என்றால் ஒட்டட்டுமே. ஒரு புத்தகம் ஒட்டினால் சாயல். நூறு புத்தகம் ஒட்டினால் எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

விரதம் முறிந்ததும் பசி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அலமாரியில் திருப்பி வைத்ததையெல்லாம் நேராக்கினேன். மூன்றாம் வரைவு எழுதிய எட்டு மாதமும் பகலில் எழுத்து, ராத்திரியில் நாவல்.

முதலில் ஹான் காங்கின் ‘தி வெஜிடேரியன்’. முன்பே படித்ததுதான். 2024இல் அவருக்கு நோபல் கிடைத்தபோது எல்லோரும் மறுபடி பேசினார்கள், நான் விரதத்தில் இருந்ததால் காதைப் பொத்திக்கொண்டேன். இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று ஒருநாள் சொல்லிவிடுகிற யோங்-ஹேதான் நாவலின் மையம். ஆனால் மூன்று பகுதிகளில் ஒன்றுகூட அவள் பார்வையில் இல்லை. முதல் பகுதியைக் கணவன் சொல்கிறான், அடுத்தது அக்காள் கணவன் பக்கமிருந்து, கடைசி அக்காள் பக்கமிருந்து. அவளுக்கென்று கிடைப்பது முதல் பகுதியில் அங்கங்கே வரும் சில கனவுகள் மட்டும். சுற்றியிருக்கிற எல்லோரும் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவள் கைக்குச் சிக்கவே இல்லை. படித்து முடித்துவிட்டு என் கைப்பிரதியைப் பார்த்தால், என் நாயகி 60 பக்கத்துக்குத் தன் மனசைக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். அழித்தேன். கை நடுங்கியது, ஆனாலும் அழித்தேன். இப்போது அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவள் பக்க ஓரத்தில் போடும் திருத்தக் குறிகளில்தான் தெரியும்.

அடுத்தது பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லேம்ப்’. கன்னடத்திலிருந்து தீபா பாஸ்தி மொழிபெயர்த்த 12 கதைகள். 2025இல் சர்வதேச புக்கர் பெற்றது, ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் முறை. கதைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இவற்றில் பெண்கள் அழும்போதே ஏதாவது குத்தலாகச் சொல்லிவிடுவார்கள், அந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. என்னை உலுக்கியது மொழிபெயர்ப்பாளரின் பிடிவாதம். கன்னடம், உருது, அரபிச் சொற்களை அப்படியே விட்டிருக்கிறார். சாய்வெழுத்து கிடையாது, அடிக்குறிப்பு கிடையாது. தெரியாவிட்டால் என்ன, கதையோடு போகப்போகப் புரியும் என்கிற தைரியம். என் வரைவில் 43 அடிக்குறிப்பு இருந்தது. வேற்றுமைத்தொகை என்றால் இது, வினைத்தொகை என்றால் அது என்று வாசகருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வேறு மொழியில் போகிற புத்தகமே அடிக்குறிப்பு இல்லாமல் நிற்கிறது. தமிழில் எழுதி, தமிழர் படிக்கப்போகிற நாவலில் எனக்கு எதற்கு அந்த ஊன்றுகோல்? 43ஐயும் எடுத்தேன். ஊறுகாய் அளவுக்கு ஒன்றாவது வைத்துக்கொள்ளலாமே என்று கடைசிவரை சபலம் இருந்தது.

கிளேர் கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ 120 பக்கம்கூட வராது. 1985 கிறிஸ்துமஸ் சமயம், அயர்லாந்தில் நிலக்கரி விற்கும் ஒருவர், கன்னிமாடத்தின் கரிக் கொட்டகையில் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். வேறொருவர் நாவலை எங்கே தொடங்குவாரோ அங்கே கீகன் முடித்துவிடுகிறார். என் கடைசி அத்தியாயம் போனது இவரால்தான்.

சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’ 2024 புக்கர். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரு நாள், பூமியை 16 முறை சுற்றுகிறார்கள். வாக்கியங்கள் அவ்வளவு அழகு. எனக்கு ஒன்பதாவது சுற்றில் சலித்துவிட்டது. உண்மையைச் சொல்வதில் என்ன இருக்கிறது.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ தூங்கவிடவில்லை. தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் மகள், வெளியே காத்திருக்கும் குடும்பம், நாவல் முழுக்கப் பேச்சு. ஆசிரியர் நடுவில் வந்து ஒரு வார்த்தை விளக்க வேண்டிய தேவையே இல்லை. அப்புறம், நான்காவதோ ஐந்தாவதோ முறையாக, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. ஜமுனாவும் சாயாவும் குடமும் இருக்க, எனக்கு எதற்கு 410 பக்கம் என்று தோன்றியது. 232க்கு வந்த கணக்கு இதுதான்.

சரமாகோ விஷயத்தை வெளியே சொல்ல வேண்டாம், யாருக்கும் தெரியப்போவதில்லை, நீயாக ஏன் எடுத்துக் கொடுக்கிறாய் என்று ஒருவர் அறிவுரை சொன்னார். கேட்கவில்லை. முன்னுரையில் முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். மறைத்துவிட்டு அப்புறம் யாராவது கண்டுபிடித்தால், என் நாவலில் வரும் அந்தப் பெரிய மனிதருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பெரிய மனிதர் யார், நிஜத்தில் இருக்கிறாரா என்று இன்பாக்ஸில் இதுவரை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நான்கு பேரும் வெவ்வேறு ஆளை மனசில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அதுவே எனக்குப் போதும்.

புத்தகம் வந்த மறுநாள் அதே தோழி போன் செய்தாள். இரவோடு இரவாகப் படித்துவிட்டாளாம்.

“117ஆம் பக்கத்துல ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கே. வேணும்னேதான?”

எடுத்துப் பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது. மூன்று பேர் பார்த்த மெய்ப்பு, கடைசியாகப் பார்த்தது நான்.

“ஆமா, வேணும்னேதான்” என்றேன்.