பூஸ்ட் ஏறட்டும், அப்புறம் திறங்க

கேரள எல்லைக் கோபாலபுரத்துல நைட்ரஸ் (இஞ்சின் பவரை ஏத்த அடிக்கிற கேஸ்) அடிச்சு இஞ்சின் போன டீசல் பிக்கப்போட வீடியோவை இனிமே யாரும் எனக்கு அனுப்ப வேண்டாங்க. பார்த்தாச்சு. பிரிச்சுப் போட்ட இஞ்சினையும் பார்த்தாச்சு. "கேஸ் வெடிச்சிருச்சு"ன்னு எழுதினவங்களுக்குச் சொல்றேன், எதுவும் வெடிக்கல. நைட்ரஸ் சிலிண்டர் முழுசா இருக்கு, லைன் முழுசா இருக்கு, நாசில்ல அடைப்புகூட இல்ல. போனது மூணாவது பிஸ்டனோட கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனை கிராங்க்கோட இணைக்கிற தண்டு. அதுவும் எதனால? பூஸ்ட், அதாவது டர்போ தர்ற காத்தழுத்தம், ஏறுறதுக்கு முன்னாடியே நைட்ரஸ் பட்டனை அழுத்தினதால. வீடியோவுல மீட்டர் நல்லாவே தெரியுது, முள்ளு 1,500 ஆர்பிஎம்மைத் தாண்டல.

ஹெட்டைக் கழட்டி, ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டு வந்து டயல் கேஜ் வெச்சுப் பார்த்தா மூணு பிஸ்டன் ஒரே மட்டத்துல நிக்குது. மூணாவது மட்டும் ஒன்றரை மில்லி கீழே. வெளியே எடுத்தா ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் தேய்ஞ்சு பளபளன்னு இருக்கு. ராடு வளைஞ்சதுக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்ல. பிஸ்டன் தலையில உருகின தடம் துளிகூட இல்ல. சூட்டுல போயிருந்தா தலை உருகியிருக்கும். இது அழுத்தத்துல போனது. எல்லாரும் "கேஸ் புகை"ன்னு வட்டம் போட்டுக் காட்டின அந்த வெள்ளைப் புகை, கம்ப்ரஷன் போன சிலிண்டர்ல எரியாம வெளியே வந்த டீசல்.

நைட்ரஸ் எரியுற பொருளே இல்லைங்க. எரிய வைக்கிற பொருள். காத்துல எடைக்கு 23 சதவீதம் ஆக்சிஜன், நைட்ரஸ்ல 36 சதவீதம். இஞ்சின் உள்ள இருக்கிற சூட்டுல அது பிரிஞ்சு ஆக்சிஜனை விடும். பெட்ரோல் வண்டியில கூடவே பெட்ரோலும் சேர்த்துக் கொடுக்கலைன்னா பிஸ்டன் உருகும். டீசல் அப்படி இல்ல, எப்பவும் காத்து மிச்சமாத்தான் ஓடும். ஆனா ரீமேப் பண்ணி, அதாவது இஞ்சின் கம்ப்யூட்டர் கணக்கை மாத்தி, டீசலை ஏத்தின வண்டியில, முழு மிதியில கரும்புகை வருது பாருங்க, அது காத்துக்கு ஏங்குற டீசல். நைட்ரஸ் வேலை செய்யுறது அங்கதான். புகையே வராத வண்டியில அடிச்சா உள்ள போற காத்து கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். பெருசா பவர் வராது.

அதனால ஜெட் (கேஸ் எவ்வளவு போகணும்னு முடிவு பண்ற ஓட்டை) எடுக்கறப்ப புகைதான் அளவுகோல். சின்ன ஜெட்ல ஆரம்பிங்க. கரும்புகை லேசான சாம்பல் ஆனதும் நிறுத்திக்கோங்க. புகை சுத்தமா மறைஞ்ச பிறகும் ஜெட்டைப் பெருசாக்கினா உள்ள எரியறதுக்கு மிச்ச டீசல் இருக்காது, காசுதான் போகும். டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) இருக்கிற பிஎஸ்6 வண்டியில புகை வெளியே தெரியவே தெரியாது, அங்க இந்தக் கணக்கே உதவாது. டர்போவுக்கு முன்னாடி பைரோமீட்டர், அதாவது வெளியே போற புகையோட சூட்டைக் காட்டுற மீட்டர், கண்டிப்பா வேணும். 700 டிகிரியைத் தாண்டி நிக்க ஆரம்பிச்சா காலை எடுத்துடணும்.

நாசில் இன்டர்கூலருக்கு (டர்போ காத்தைக் குளிர வைக்கிறது) அப்புறம் வரணும், ஆனா மேனிஃபோல்டு (காத்தைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கிற பைப்) வாயில கூடாது. ஒரு அடியாவது தள்ளி இருந்தாத்தான் காத்தோட கலந்து எல்லா சிலிண்டருக்கும் சமமாப் போகும். இந்த வண்டியில வாயிலேயே திருகியிருந்தாங்க, அதான் மூணாவதுக்கு மட்டும் அதிகமாப் போயிருக்கு. பிளாஸ்டிக் பைப்ல ஓட்டை போடாதீங்க, அலுமினியப் பைப்ல பங் (நாசிலைத் திருகுற வளையம்) வெல்டு பண்ணுங்க. சோலினாய்டுக்கு (கேஸைத் திறந்து மூடுற கரண்ட் வால்வு) முன்னாடி ஃபில்டர். லைன் எந்த இடத்துலயும் ஆயில், கிரீஸ் படக்கூடாது. பிளேர் ஜாயின்ட்ல டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, அந்தத் துணுக்கு போய் சோலினாய்டு சீட்ல உட்கார்ந்தா வால்வு மூடாது. இஞ்சின் நின்ன பிறகு கேஸ் மேனிஃபோல்டுல நிறைஞ்சிருக்கும், அடுத்த தடவை சாவியைத் திருப்பினா அப்ப நெஜமாவே வெடிக்கும். லாரியில வைக்கிறவங்க பேட்டரியைப் பாருங்க. 24 வோல்ட்ல 12 வோல்ட் சோலினாய்டு காயிலைக் கொடுத்தா காயில் கருகிடும்.

இதெல்லாம் சரியா இருந்தாலும் ஒயரிங் தப்பா இருந்தா வீண். ரிலேக்கு முன்னாடி மூணு சுவிட்ச் வரிசையா வரணும். ஆன் பண்ற சுவிட்ச், முழு மிதியில மட்டும் சேர்ற பெடல் சுவிட்ச், 15, 20 பிஎஸ்ஐ பூஸ்ட் வந்த பிறகு மட்டும் சேர்ற பிரஷர் சுவிட்ச். மூணுல ஒண்ணு சேரலைன்னாலும் கேஸ் திறக்கக்கூடாது. இந்த வண்டியில இருந்தது ஒரே ஒரு ஹாரன் பட்டன். பிரஷர் சுவிட்ச் வாங்கி டப்பாவோட டேஷ்போர்டுல கெடக்குது. அதைப் பார்த்ததும் வயிறு எரிஞ்சுது.

1,500ல பிஸ்டன் மெதுவாத்தான் இறங்கும். நைட்ரஸ் சேர்ந்தா டீசல் சீக்கிரம் எரிஞ்சு முடியும். பிஸ்டன் உச்சியை விட்டு நகர்றதுக்குள்ள மொத்த அழுத்தமும் அது தலையில இறங்கும். அந்த அடியைக் கம்பெனி ராடு எப்படித் தாங்கும்? பூஸ்ட் ஏறட்டும், வேகம் வரட்டும், அப்புறம் திறங்க. எத்தனை தடவை வேணும்னாலும் இதைச் சொல்லுவேன்.

"டர்போவை எழுப்பறதுக்குத்தானே வேகம் கம்மியா இருக்கறப்பவே அடிக்கிறாங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அடிக்கிறாங்க, மறுக்கல. பெரிய டர்போ போட்டு, ராடு, ஹெட் ஸ்டட் எல்லாம் மாத்தின இஞ்சின்ல, ரொம்பச் சின்ன ஜெட்ல. வாரம் முழுக்கத் தேங்காய் ஏத்துற பிக்கப்புக்கு அது எப்படிங்க பொருந்தும்?

"ரோட்டுல இது சட்டப்படி தப்பில்லையா"ன்னு கேட்டா, தப்பு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு தெளிவா இருக்கு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததும் கேரளாவுல இருந்து போன வழக்குலதான். ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ஓட்டறதுக்கு டிராக் இருக்கு. அந்தத் தென்னந்தோப்பு ரோட்டுல ஓட்டினதுக்கு நான் வக்காலத்து வாங்கல.

ஆனா "பார்டர் ஒர்க்‌ஷாப்னாலே இப்படித்தான், பாண்டிகளுக்கு என்ன தெரியும்"னு எழுதினீங்களே, அது வலிக்குது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம்னு பாலக்காட்டு எல்லையில இந்தப் பக்கம் முழுக்க தமிழ்ப் பையன்கதான் உங்க லாரி பம்பைப் பிரிச்சு மாட்டறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கணவாய்க் காத்துல வண்டி நின்னா "அண்ணா, ஒண்ணு வாங்க"ன்னு அவங்களைத்தான் கூப்பிடுறீங்க. ஒருத்தன் சுவிட்ச் வைக்காம விட்டதுக்கு ஊர் முழுக்கப் பழி ஏத்தறது என்ன நியாயம்?

இத்தனை கமென்ட்லயும் ஒருத்தர்கூடக் கேட்காதது ஒண்ணு இருக்கு. சிலிண்டர் எங்க வெச்சிருந்தாங்க? கேபினுக்குள்ள, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி. நைட்ரஸ் 36.4 டிகிரிக்கு மேல திரவமாவே நிக்காது. 21 டிகிரியில 760 பிஎஸ்ஐ, வேலைக்கு ஏத்தது 900, 950. பங்குனி வெயில்ல கண்ணாடி ஏத்தின கேபின்ல அது எங்க போய் நிக்கும்னு நினைச்சுப் பாருங்க. அளவுக்கு மேல நிரப்பியிருந்தா சேஃப்டி டிஸ்க் (அழுத்தம் மீறினா கிழியுற தகடு) கிழிஞ்சு மொத்தமும் உள்ளேயே கொட்டும். மூச்சு விட ஆக்சிஜன் இருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போற நீலச் சிலிண்டரைத் தள்ளிட்டு வந்து நிரப்பித் தர்றவங்களும் இருக்காங்க. எடை போடறதில்ல, சிலிண்டருக்கு பெசோ (மத்திய அரசோட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) முத்திரை இருக்கான்னும் பார்க்கறதில்ல. அந்த சீட்டுலதான் மதியம் கிளீனர் பையன் கண்ணாடியை ஏத்திவிட்டுத் தூங்குவான். ராடு போனா வேற ராடு வாங்கிக்கலாம்.

சிலிண்டரைப் பின்னாடி பாடியில, நிழல்ல, வால்வு பக்கம் மேல இருக்கற மாதிரி சாய்ச்சுக் கட்டுங்க. டிஸ்க்குல இருந்து ஒரு பைப் போட்டு வெளியே விடுங்க. பிரஷர் சுவிட்ச் வெச்ச ஒயரிங் படம் கமென்ட்ல போட்டிருக்கேன். வண்டிக்காரர் புரியலைன்னா கூப்பிடட்டும், வந்து மாட்டித் தர்றேன், காசு வேண்டாம்.