பில் வராத வீட்டுப் பிள்ளைக்கு சோலார் பாடம்

போன மாசம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிற ஊர், அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். நான் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறைக்காரன். நாலைந்து வருஷமாக வீட்டு மாடிகளில் சோலாரும் மாட்டிக் கொடுக்கிறேன். அதனால் எச்.எம். அம்மா கூப்பிட்டார்கள். "தம்பி, பிள்ளைங்களுக்கு சூரிய சக்தியப் பத்தி பத்து நிமிஷம் பேசிட்டுப் போங்க."

போனேன். தெர்மோகோல் வீடு, அதன் கூரையில் தீப்பெட்டி அளவு பேனல், உள்ளே ஒரு குட்டி எல்.இ.டி. வெயிலில் காட்டினால் எரிகிறது. பிள்ளைகள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு எல்லோரும் பேசுவதையே நானும் பேசினேன். சூரியன் தீராது, புகை கிடையாது, வீட்டில் அப்பா அம்மாவிடம் சொல்லி சோலார் போடச் சொல்லுங்கள், கரண்ட் பில் குறையும்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒன்று எழுந்து நின்றது. "எங்க வீட்டுக்கு பில்லே வராது சார்."

வாயடைத்துப் போனேன். அது சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 2016லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், டிவி, மிக்சி உள்ள வீடு பெரும்பாலும் அதைத் தாண்டாது. கொல்லையில் ஓடுகிற பம்புசெட்டுக்கு 1990லிருந்தே இலவசம். மூன்று கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லி என்ன பயன்? குறைய வேண்டிய பில் அந்த வீட்டில் இல்லை.

இலவசத்தைத் திட்டுகிற பதிவு என்று யாரும் கமெண்டில் குதிக்க வேண்டாம். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்காத வருஷங்களில் எங்கள் பக்கம் குறுவை நெல் பிழைத்தது போர்வெல் தண்ணீரில்தான். அந்தக் கரண்டுக்குக் காசு கட்ட வேண்டியிருந்தால் எங்கப்பா என்றைக்கோ நிலத்தை விற்றிருப்பார். என் வருத்தம் வேறு. இந்தப் பிள்ளைகளுக்குக் கரண்ட் எண்ணிப் பார்க்கிற பண்டமாக அறிமுகமே ஆகவில்லை. எண்ணத் தெரியாத ஒன்றைச் சேமி, சிக்கனமாக வாழ் என்று உறுதிமொழி எடுக்கச் சொல்கிறோம். அதுவும் கையை நீட்டி, வெயிலில் நின்று.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நம்ம ஊர்ப் பிள்ளைக்கு வெயிலை யார் சொல்லித்தர வேண்டும்? ரோட்டில் நெல்லைக் கொட்டி, காலால் கிண்டி விட்டு, மழை வருதா வருதா என்று மானத்தைப் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவை. வேதாரண்யத்து உப்பளத்தில் உப்பு விளைவது வெயிலில், நாகப்பட்டினத்தில் கருவாடு காய்வது வெயிலில், பாட்டி கூழ்வடாம் ஊற்றுவது வெயிலில். இத்தனையையும் விட்டுவிட்டு தெர்மோகோலில் போய் ஆரம்பிக்கிறோம்.

அடுத்த வாரம் நானாகவே பள்ளிக்கூடம் போனேன். போர்டில் ஒரு கணக்குப் போட்டேன்.

அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மழை வருஷத்தில் கெஞ்சிக் கூத்தாடித் தளர்வு வாங்கினால்தான் உண்டு. இது அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். சரி, 100 கிலோ நெல், ஈரம் 22 சதவீதம். தண்ணீர் 22 கிலோ, தண்ணீர் இல்லாத நெல் 78 கிலோ. காயக் காய அந்த 78 மாறாது. 17 சதவீதத்துக்கு வரும்போது மொத்த எடை சுமார் 94 கிலோ. ஆக, வெயில் 6 கிலோ தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் வேண்டும். ஆறு கிலோவுக்கு 4 யூனிட். ஏக்கருக்கு 25 குவிண்டால், அதாவது 2,500 கிலோ கண்டால் மொத்தம் 100 யூனிட்.

"உங்க வீட்டுக்கு கவர்மெண்ட் ரெண்டு மாசத்துக்குக் குடுக்குறது எவ்வளவு?"

வகுப்பே கத்தியது, நூறு என்று. பில் வராத வீட்டுப் பிள்ளை மட்டும் கத்தவில்லை. நோட்டில் திரும்பவும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

வெப்ப யூனிட்டும் கரண்ட் யூனிட்டும் ஒன்றா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். அளவு ஒன்று, ஆக்குகிற பாடு வேறு. பேனல் மேல் விழுகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கரண்டாகும். ஒரு கிலோவாட் பேனல் நல்ல நாளில் 4 யூனிட் தரும். ஒரு குவிண்டால் நெல் காய்கிற கணக்கு. களம் வெயிலை அப்படியே தின்கிறது, பேனல் சலித்துச் சலித்துத் தின்கிறது. இப்படிச் சொன்னால் ஏழாம் வகுப்புக்குப் புரிகிறது. பெரியவர்களுக்குத்தான் புரியவைக்க முடியவில்லை.

பிறகு வீட்டுப்பாடம். ஏழு நாள், காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை மீட்டர் எண்ணைக் குறித்து வரவேண்டும். முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் எழுதி வந்தார்கள். அதில் மூணு பேர் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினது, விடுங்கள். ஒரு பையன் வீட்டில் மட்டும் தினமும் காலையில் ஒரு யூனிட்டுக்கு மேல் எகிறுகிறது. என்னடா என்று துருவினால், ஒரு ஹெச்.பி. மோட்டார். டேங்க் ரொம்பி வழிகிற சத்தம் கேட்டுத்தான் நிறுத்துவார்களாம், அதுவும் அம்மா அடுப்படியில் இருந்தால் கேட்காதாம். தினம் ஒரு மணி நேரம் வெட்டியாக ஓடினால் இரண்டு மாசத்தில் 45 யூனிட் போச்சு. இலவசத்தில் பாதிக்கு ஒட்டி வந்துவிட்டது. அந்தப் பையன் அன்றிலிருந்து மாடியில் நின்று பார்க்கிறானாம். வாழ்க்கை முறை மாற்றம் என்று எவ்வளவோ எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த மாற்றம் இது ஒன்றுதான்.

இன்னொரு சங்கதி, வெயில் வேற, வெப்பம் வேற. அக்னி நட்சத்திரத்தில் சோலார் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பேனல் கேட்பது வெளிச்சம். சூடு ஏற ஏற அது சோர்ந்து போகும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. சம்பா அறுப்பை ஒட்டி வருகிற மாசி, பங்குனி வெயிலில்தான் எங்கள் பக்கத்து சோலார் மீட்டர்கள் நன்றாக ஓடுகின்றன. அதே நேரத்தில் அறுப்பு மிஷின் கிளப்புகிற தூசி பேனலில் மெத்தை மாதிரி படியும். துடைக்காவிட்டால் போச்சு. நிழலும் அப்படித்தான். ஒரு தென்னமட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தால் அந்த வரிசையே தளர்ந்துவிடும். தலைப்பில் மதகு பாதி அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் சரியாகப் போகாது இல்லையா, அது மாதிரிதான்.

நிழலைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. நம்ம டெல்டாவில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் ஒரு நாள், பகல் பன்னிரண்டேகால் வாக்கில் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. சூரியன் நேர் உச்சி. இடைப்பட்ட மாசங்களில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். மற்ற காலமெல்லாம் தெற்கே. பேனலை ஏன் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்து வைக்கிறோம் என்று கேட்கிறவர்களிடம் நான் ஒரு குச்சியைத்தான் நட்டுக் காட்டுவேன். காசு செலவில்லாத கருவி.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு ஆற்றாமை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது. கம்பங்கள் விழுந்து கிடந்தன. எங்கள் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. லோடு ஆட்டோவில் ஜெனரேட்டர் வைத்துக்கொண்டு வந்து, டேங்க் ரொப்பிக் கொடுக்கவும் செல்போன் சார்ஜ் போடவும் காசு வாங்கினார்கள். அதைப் பார்த்த ஜனம்தான் இன்றைக்கு என்னிடம் வந்து, "புயல் வந்தா கூட லைட் எரியணும் மாப்ளே, சோலார் போடு" என்கிறது. பேட்டரி இல்லாத சோலாரில் எரியாது. லைனில் கரண்ட் போனால், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற அந்த இன்வர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் பேனல் கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற ஆள் உயிர் போய்விடும். நான் மாட்டுவதற்கு முன்னாடியே சொல்லிவிடுவேன். விற்கிற எல்லோரும் சொல்வதில்லை. என் மாமா ஒருத்தர் வேறு யாரிடமோ இரண்டு லட்சத்தைக் கொட்டிப் போட்டுவிட்டு, முதல் கரண்ட் கட்டில் எனக்கு போன் செய்து திட்டினார். நான் மாட்டாததற்கு நான் திட்டு வாங்கினேன். இந்த ஒரு விஷயம் ஏழாம் வகுப்பில் சொல்லித்தரப்பட்டிருந்தால் மாமாவுக்கு அவர் பேத்தியே சொல்லியிருப்பாள்.

சோலார் பம்பு பற்றியும் ஒரு வரி. வெயில் இருக்கிற வரை ஓடும், யாரும் அணைக்க மாட்டார்கள், நிலத்தடி நீர் என்ன ஆகும் என்பதையும் அதே வகுப்பில் பேச வேண்டும். தண்ணீரும் எண்ணிப் பார்க்க வேண்டிய பண்டம்தான்.

சொல்ல மறந்தேனே. அந்தப் பள்ளிக்கூட மாடியில் ஏற்கெனவே நாலு பேனல் இருக்கிறது. எப்போதோ யாரோ மாட்டியது, திறப்பு விழா போட்டோ கூட ஆபீஸ் ரூமில் தொங்குகிறது. பேட்டரி போய் ரொம்ப நாள் ஆகிறது. பேனல் ஃபிரேமில் சத்துணவு ஆயா கரித்துணி காயப் போடுகிறார். நான் திரும்பப் போனபோது மல்டிமீட்டரைப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். பேனல் நாலும் உயிரோடு இருக்கிறது. நாலு பேட்டரியில் இரண்டுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினாலே எழுந்துவிடும் போலிருக்கிறது, மற்ற இரண்டும் தேறாது. எழுதிக் கேட்டால் எப்போது வரும் என்று எச்.எம். அம்மாவுக்கே தெரியவில்லை. பட்டறையில் ஒரு பழைய பேட்டரி கிடக்கிறது, இன்னொன்று யாராவது தந்தால் வகுப்புக்கு ரெண்டு ஃபேன் ஓடும்.

வருகிற சனிக்கிழமை போகிறேன். ஏணி கொண்டு வருவதாக எட்டாம் வகுப்புப் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். கொண்டு வரட்டும், ஏற விடமாட்டேன். பில் வராத வீட்டுப் பெண் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கீழே நிற்கும், எத்தனை வோல்ட் என்று நான் மேலிருந்து கத்த வேண்டுமாம்.