வேகம் மட்டும் பார்த்தால் போதாது
இணைய வேகச் சோதனையில் 50 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 50 மெகாபிட்) வந்தால் வீடியோ அழைப்புக்குக் கவலையில்லை என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருப்பது பாதிதான் சரி. எங்கள் வீட்டில் 100 காட்டும். ஆனாலும் மாலையில் மகளோடு பேசும்போது குரல் விட்டுவிட்டு வரும், முகம் அப்படியே உறைந்துவிடும். அப்புறம் லேப்டாப்பிலிருந்து வீட்டு வைஃபை பெட்டியான ரவுட்டருக்கே 100 முறை பிங் (பதில் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சின்னச் சோதனைச் செய்தி) அனுப்பிப் பார்த்தேன். 2, 3 மில்லி விநாடி என்று வந்துகொண்டிருந்தது திடீரென 280க்குத் தாவியது, நடுவில் நாலைந்துக்குப் பதிலே இல்லை. வெளி இணைப்பில் கோளாறு இல்லை, வீட்டு வைஃபையில்தான்! வைஃபையை விட்டு, லேப்டாப்பையும் ரவுட்டரையும் லேன் கேபிளால் இணைத்ததும் சரியாகிவிட்டது. பேச்சுக்கு ஒருவழித் தாமதம், அதாவது நம் குரல் எதிரில் இருப்பவரை எட்ட ஆகும் நேரம், 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அது ஏறி இறங்காமலும் இருக்க வேண்டும். அப்லோடு வேகத்தையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள், நம் முகமும் குரலும் எதிரில் இருப்பவருக்குப் போவது அதில்தான்.