ஒரு சீசன் முடிவதற்குள் அஞ்சலி போஸ்டரா?

2024 கடைசி நாளில், புத்தாண்டுக்கு முந்தின நாள், நம்ம அலபாமா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர் குரூப்பில் என்ன நடந்தது என்று இங்கே பலருக்கும் தெரியும், அதனால் யார் ஆரம்பித்தது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. டேம்பாவில் மிச்சிகனிடம் 19-13 என்று தோற்று அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் நம்ம அணியின் புது கோச் கேலன் டிபோர் படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் ஊதுபத்தி வைத்து, கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஒரு போஸ்டர். அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலி. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு இதைச் செய்ய எப்படி மனசு வருகிறது? எதிர்த்து இரண்டு வரி எழுதினேன். “நீ மேல்படிப்புக்கு வந்த ஆளு, உனக்கு இங்கத்து ஃபுட்பால் பற்றி என்ன தெரியும்” என்று பதில். எழுதியவரும் மேல்படிப்புக்கு வந்தவர்தான். சரி, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

டிபோருக்கு முன்னால் கோச்சாக இருந்த நிக் சேபன் அலபாமாவுக்கு வந்த முதல் சீசன் 2007. ஏழு வெற்றி, ஆறு தோல்வி. அதில் ஒன்று டஸ்கலூசாவில், சொந்த மைதானத்தில், லூசியானா-மன்றோவிடம் 21-14. அடுத்த வருஷம் 12-2, அதற்கடுத்த வருஷம் தேசியப் பட்டம், இங்கே இருந்த 17 சீசனில் மொத்தம் ஆறு பட்டம். அவருக்கு முன்னால் நாம் கும்பிட்ட பழைய கோச் பியர் பிரையன்ட்டின் முதல் சீசன், 1958, 5-4-1, அதாவது ஐந்து வெற்றி, நாலு தோல்வி, ஒரு டிரா. டிபோரின் முதல் சீசன் 9-4. மறுபடியும் சொல்கிறேன், 9-4. சேபனுக்கு அன்று போஸ்டர் அடித்து அனுப்பியிருந்தால் இன்று நாம் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்?

“சேபன் எடுத்தது நொந்துபோன அணி, இவருக்குக் கிடைத்தது தங்கத் தட்டு” என்பீர்கள். சேபன் எடுத்தது 2006இல் 6-7 முடித்த அணி, அது உண்மைதான். ஆனால் இவருக்குக் கிடைத்த தட்டில் என்ன மிச்சம் இருந்தது என்று பார்த்தீர்களா? 2024 ஜனவரி 10 சேபன் ஓய்வு அறிவித்தார், 12ஆம் தேதி டிபோர் நியமனம். கோச் போய்விட்டால் பிளேயர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் அப்போது 30 நாள் திறந்திருந்தது. நம்ம பிளேயர்கள் கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு, ஐசயா பாண்ட் டெக்ஸஸுக்குப் போய்விட்டார்கள். 2007இல் இப்படி ஒரே மாசத்தில் ஆட்களை அள்ளிக்கொண்டு போக யாராலும் முடியாது, அன்றைக்கு மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும். இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

“வாண்டர்பில்ட்டிடம் தோற்றதற்கு என்ன சாக்கு?” சாக்கு எதுவும் இல்லை. நான் நாஷ்வில்லில் அந்த ஸ்டேடியத்திலேயே இருந்தேன். நம்பர் ஒன் அணியாகப் போய் 40-35, பந்து 42 நிமிஷம் அவர்கள் கையில். மூன்றாவது டவுன் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நாலு முயற்சியில் மூன்றாவது) வரும்போதெல்லாம் என் பக்கத்தில் இருந்தவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். முடிந்ததும் மாணவர்கள் கோல்போஸ்ட்டைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவழியே கம்பர்லேண்ட் ஆற்றுக்குக் கிளம்பினார்கள். நாங்கள் சிவப்பு ஜெர்சியோடு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றோம். 1984க்கு அப்புறம் அன்றுவரை அவர்கள் நம்மை ஜெயித்ததே இல்லை. வலிக்காமல் இருக்குமா? உங்களைவிட எனக்கு அதிகமாகவே வலித்தது, நான் நேரில் பார்த்தேன்.

ஆனால் அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் ஜார்ஜியா ஆட்டம். 28-0 முன்னிலை கரைந்து 34-33 என்று பின்தங்கி, அடுத்த பந்திலேயே நம்ம குவார்ட்டர்பேக் மில்ரோ வீச, 17 வயசுப் பையன் ரயன் வில்லியம்ஸ் 75 யார்டு டச்டவுன், ஜெயித்தோம். அன்றைக்கு இதே குரூப்பில் டிபோரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள்தான் இன்றைக்கு மாலை போட்டவர்கள். மெசேஜ் எல்லாம் அப்படியே இருக்கிறது, மேலே தள்ளிப் பாருங்கள்.

ஓக்லஹோமாவிடம் 24-3 பற்றியும் கேட்பீர்கள். மோசமான ஆட்டம், ப்ளே-ஆஃப் வாய்ப்பு போனதே அதனால்தான். அதோடு விடுங்கள்.

“சேபன் இருந்திருந்தால்” என்று ஆரம்பிப்பவர்களுக்கு ஒன்று. சேபனின் கடைசி ஆட்டமும் மிச்சிகனிடம்தான் தோல்வி, ரோஸ் பவுல், ஓவர்டைமில் 27-20. அதற்கு யாரும் ஊதுபத்தி கொளுத்தவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தம்பி ஒருவன் கேட்டான். ஆபீஸில் எல்லோரும் அண்ணாந்து பார்த்த ஒரு பெரியவர் ஓய்வு பெற்றதும் அவர் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முதல் நாளிலிருந்து எதைச் செய்தாலும் “அவர் இப்படிச் செய்ய மாட்டாரே”. அவர் விட்டுப்போன சிக்கலை நான் சரிசெய்தால் அது அவர் போட்ட அடித்தளம், புதிதாக ஒன்று தவறினால் அது என் லட்சணம். அவரும் ஆரம்பத்தில் தடுமாறியவர்தான், ஆனால் அதைப் பார்த்தவர்கள் யாரும் அங்கே மிச்சமில்லை. சாப்பாட்டு மேஜையில் நான் போய் உட்கார்ந்ததும் பேச்சை மாற்றுவார்கள். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, “ஒரு வருஷம் போகட்டுமே” என்று சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை.

“வருஷத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்குபவர் திட்டும் வாங்கட்டும்.” திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். பந்தை இவ்வளவு ஏன் கோட்டை விட்டோம், டிஃபென்ஸ் ஏன் மூன்றாவது டவுனில் தூங்கியது என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். செத்தவர் படம் மாதிரி மாலை போடுவதும் திட்டுவதும் ஒன்றா? அதுவும் வீட்டில் குழந்தைகள் பார்க்கிற போனில்.

2025 ஆகஸ்ட் 30 டாலஹாசியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டுடன் அடுத்த சீசன் ஆரம்பம். நான் காரில் போகிறேன், இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வழியெல்லாம் சேபன் புராணம் பாடுகிறவர்கள் தயவுசெய்து வேறு கார் பார்த்துக்கொள்ளுங்கள்.